கடைசி ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்? (நிகழ்தகவு பாடம்)



ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு என்று ஒரு பாடம் இருக்கிறது. நாணயம் சுண்டினால் பூ விழுமா தலை விழுமா, பகடை உருட்டினால் 6 விழ எவ்வளவு வாய்ப்பு என்றெல்லாம் அதில் வரும். "இதெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். அதனால் நிஜமாக நடந்த ஒரு விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கொண்டு, அதில் நிகழ்தகவு எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். இது அமெரிக்காவில் 1908-ஆம் வருடம் நடந்தது. விளையாட்டின் பெயர் பேஸ்பால்.

முதலில் விளையாட்டைத் தெரிந்துகொள்வோம்

பேஸ்பால் நம்ம கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. ஒரு அணிக்கு 9 பேர். பந்து எறிபவரை பிட்ச்சர் என்பார்கள். மைதானத்தில் ஒரு சதுரம் இருக்கும். அதன் ஒவ்வொரு பக்கமும் 90 அடி. நாலு மூலையில் ஒன்று ஹோம். அங்கே நின்றுதான் பந்தை அடிக்க வேண்டும். மற்ற மூன்று மூலைகளும் முதல் பேஸ், இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ். அடித்தவர் மூன்று பேஸையும் வரிசையாகத் தொட்டு, திரும்ப ஹோமுக்கு வந்தால் 1 ரன். ஒரு அணியில் 3 பேர் அவுட் ஆனால் அடுத்த அணி அடிக்க வரும். இப்படி 9 இன்னிங்ஸ்.

இதில் ஒரு விதியை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பேஸில் ஒருவர் நிற்கிறார். அடுத்தவர் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடி வருகிறார். ஒரே பேஸில் ரெண்டு பேர் நிற்க முடியாது. அதனால் முதலில் நின்றவர் கட்டாயம் இரண்டாவது பேஸுக்குப் போக வேண்டும். அவர் போய்ச் சேரும் முன் எதிரணிக்காரர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த பேஸைத் தொட்டுவிட்டால் அவர் அவுட். அந்த அவுட் மூன்றாவது அவுட்டாக இருந்தால், அதே நேரத்தில் இன்னொருவர் ஹோமுக்கு ஓடி எடுத்த ரன்னும் செல்லாது. 1908-இல் நடந்த அத்தனை சண்டைக்கும் காரணம் இந்த ஒரு விதிதான்.

முதல் தகராறு: செப்டம்பர் 4

அந்த வருடம் நேஷனல் லீக்கில் மூன்று அணிகள் முதலிடத்துக்குப் போட்டி போட்டன. நியூயார்க் ஜயண்ட்ஸ், சிகாகோ கப்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். செப்டம்பர் 4-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் கப்ஸும் பைரேட்ஸும் ஆடினார்கள். 9 இன்னிங்ஸ் முடிந்தும் ரெண்டு பக்கமும் ரன் இல்லை. பத்தாவது இன்னிங்ஸில் பைரேட்ஸ் வீரர் வில்சன் பந்தை அடிக்க, மூன்றாவது பேஸில் நின்றவர் ஹோமுக்கு ஓடி வந்துவிட்டார். ஜெயித்தாயிற்று என்று எல்லாரும் கலைந்தார்கள். முதல் பேஸில் நின்ற வாரன் கில் என்பவர் இரண்டாவது பேஸைத் தொடாமலே திரும்பிவிட்டார்.

கப்ஸ் அணியின் ஜானி எவர்ஸ் இதைக் கவனித்தார். பந்தை வாங்கி இரண்டாவது பேஸைத் தொட்டு, "அவர் அவுட், ரன் செல்லாது" என்றார். அம்பயர் ஹேங்க் ஓ'டே, "நான் அதைப் பார்க்கவில்லை" என்று சொல்லி ரன்னைக் கொடுத்துவிட்டார். பைரேட்ஸ் 1-0 என்று ஜெயித்தது. கப்ஸ் லீக் தலைவர் ஹாரி புல்லியமிடம் முறையிட்டது. அவரும் அம்பயர் பக்கமே நின்றார்.

அம்பயர் பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று மைதானத்தில் அவர் ஒரே ஒரு அம்பயர்தான். பந்தைப் பார்க்க வேண்டும், ஹோமுக்கு வருபவரைப் பார்க்க வேண்டும், பேஸைத் தொட்டாரா என்றும் பார்க்க வேண்டும். ரெண்டு கண்ணை வைத்துக்கொண்டு ஒரு ஆள் எத்தனை இடத்தைப் பார்ப்பார்?

இரண்டாவது தகராறு: செப்டம்பர் 23

19 நாள் கழித்து நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் என்ற மைதானத்தில் ஜயண்ட்ஸும் கப்ஸும் மோதினார்கள். இந்தத் தடவையும் அதே ஓ'டேதான் அம்பயர். கூட பாப் எம்ஸ்லி என்ற இன்னொரு அம்பயரும் இருந்தார்.

ஜயண்ட்ஸ் அணியில் வழக்கமாக முதல் பேஸில் ஆடும் டென்னிக்கு முதுகுவலி. அவருக்குப் பதிலாக ஃப்ரெட் மெர்கிள் இறங்கினார். வயது 19. அணியிலேயே சின்னப் பையன் அவர்தான் என்று சொல்லலாம். கடைசி இன்னிங்ஸ், 1-1 என்று சமம். ஜயண்ட்ஸில் 2 பேர் அவுட். மூன்றாவது பேஸில் மெக்கார்மிக், முதல் பேஸில் மெர்கிள். பிரிட்வெல் பந்தை அடித்தார். மெக்கார்மிக் ஹோமுக்கு ஓடி வந்துவிட்டார். ஜனங்கள் எல்லாம் ஹோவென்று கத்திக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். இரண்டாவது பேஸை நோக்கி ஓடிய மெர்கிள், கூட்டத்தைப் பார்த்ததும் பாதியிலேயே திரும்பி, உடை மாற்றும் அறைப் பக்கம் ஓடிவிட்டார்.

அந்தக் காலத்தில் பெரிய வீரர்களே அப்படித்தான் செய்தார்கள். ஜெயித்த பிறகு யாரும் பேஸைத் தொட மெனக்கெடுவதில்லை. அம்பயர்களும் கண்டுகொள்வதில்லை. ஆனால் எவர்ஸ் விடவில்லை. மறுபடியும் பந்தைக் கேட்டார். ஜயண்ட்ஸ் வீரர் மெக்கினிட்டி அதைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார் என்கிறார்கள். எவர்ஸ் கடைசியில் ஒரு பந்தோடு பேஸைத் தொட்டார். அது ஆட்டத்தில் இருந்த பந்தா, வேற பந்தா என்பதற்கு இன்று வரை முடிவு இல்லை. எம்ஸ்லி, அடித்த பந்திலிருந்து தப்பிக்கக் கீழே விழுந்ததால் மெர்கிளைக் கவனிக்கவில்லை. ஓ'டே இந்தத் தடவை கவனித்திருந்தார். மெர்கிள் அவுட், ரன் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். மைதானம் முழுக்க ஜனங்கள், பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. மேற்கொண்டு ஆட முடியாததால் ஆட்டம் சமன் என்று அறிவித்தார்கள்.

ஜயண்ட்ஸ் ரசிகர்கள் கேட்டது: "அதே அம்பயர், அதே விதி. 19 நாளைக்கு முன்னாடி அங்கே ரன் உண்டு, இங்கே மட்டும் கிடையாதா?" இதிலும் நியாயம் இருக்கிறது. கப்ஸ் ரசிகர்கள் கேட்டது: "புத்தகத்தில் இருக்கிற விதியைத்தானே கேட்கிறோம்?" அதிலும் நியாயம் இருக்கிறது. இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். இந்த ஓ'டே 1889-இல் ஜயண்ட்ஸ் அணிக்காகவே பந்து எறிந்தவர். பழைய அணி என்று பார்க்காமல்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

சமநிலை

சீசன் முடிந்தபோது கணக்கு இப்படி வந்தது.

கப்ஸ்: வெற்றி 98, தோல்வி 55
ஜயண்ட்ஸ்: வெற்றி 98, தோல்வி 55
பைரேட்ஸ்: வெற்றி 98, தோல்வி 56

பைரேட்ஸ் அரைப்படி பின்னால் போய்விட்டது. மற்ற ரெண்டும் சரிசமம். சமன் என்று விட்ட அந்த ஆட்டத்தை அக்டோபர் 8-ஆம் தேதி அதே போலோ கிரவுண்ட்ஸில் திரும்ப ஆட வேண்டும் என்று லீக் உத்தரவு போட்டது. அதில் ஜெயித்தவர்தான் அந்த வருட நேஷனல் லீக் சாம்பியன்.

இப்போது நாம் கணிப்போம்

அக்டோபர் 7-ஆம் தேதி ராத்திரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யார் ஜெயிப்பார்? ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1. பட்டறி நிகழ்தகவு என்றால், ஏற்கெனவே நடந்ததை எண்ணிப் பார்த்துச் சொல்வது. வெற்றியை மொத்த ஆட்டத்தால் வகுக்க வேண்டும். ஜயண்ட்ஸ்: 98 ÷ 153 = 0.64. கப்ஸ்: 98 ÷ 153 = 0.64. ரெண்டும் ஒண்ணுதான். அப்படின்னா ஒருத்தரோடு ஒருத்தர் மோதும்போது ஆளுக்குப் பாதி, 1/2. நாணயம் சுண்டுவது மாதிரி.

படி 2. பேஸ்பாலில் யார் பந்து எறிகிறார் என்பது ரொம்ப முக்கியம். ஜயண்ட்ஸுக்கு கிறிஸ்டி மேத்யூசன். அதுவரை அந்த வருடம் 37 வெற்றி, 10 தோல்வி. 37 ÷ 47 = 0.79. கப்ஸுக்கு முதலில் எறிந்தவர் ஜாக் ஃபீஸ்டர். 12 வெற்றி, 10 தோல்வி. 12 ÷ 22 = 0.55. இங்கே ஜயண்ட்ஸ் பக்கம் தராசு சாய்கிறது.

படி 3. சொந்த மைதானம். அதுவும் ஜயண்ட்ஸுக்குத்தான். ஆயிரக்கணக்கான ஜனங்கள் அவர்கள் பக்கம்.

படி 4. களைப்பு. மேத்யூசன் அந்த வருடம் 380 இன்னிங்ஸுக்கு மேல் பந்து எறிந்துவிட்டார். எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் கை வலிக்காதா? இது கப்ஸுக்குச் சாதகம்.

படி 5. அனுபவம். கப்ஸ் 1906-இல் 116 ஆட்டம் ஜெயித்த அணி, 1907-இல் உலகத் தொடர் சாம்பியன். பெரிய ஆட்டத்தில் பயப்பட மாட்டார்கள். இதுவும் கப்ஸுக்குச் சாதகம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஜயண்ட்ஸ் பக்கம் கொஞ்சமே கொஞ்சம் சாய்கிற மாதிரி இருக்கிறது. 4-ஆம் படிக்கும் 5-ஆம் படிக்கும் எண் கொடுக்க வழி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? களைப்பை வகுத்தல் கணக்கில் போட முடியாது. அதனால் இரண்டு அணிக்கும் ஏறத்தாழப் பாதிப் பாதி என்று சொல்வதே நேர்மையான கணிப்பு.

நடந்தது என்ன?

இந்த ஆட்டத்துக்கு பில் கிளெம், ஜான்ஸ்டோன் என்ற இருவர் அம்பயர்கள். ஜயண்ட்ஸுக்குச் சாதகமாக நடக்கச் சொல்லி அவர்களுக்குப் பணம் கொடுக்க முயற்சி நடந்தது. ரெண்டு பேரும் வாங்க மறுத்து, லீக்கிடமே புகார் சொல்லிவிட்டார்கள். அம்பயர் சண்டையால் நாறிப்போன ஒரு சீசனில் இது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

முதல் இன்னிங்ஸிலேயே ஃபீஸ்டர் தடுமாறினார். ஜயண்ட்ஸ் 1 ரன் எடுத்துவிட்டது. உடனே கப்ஸ் கேப்டன் ஃப்ராங்க் சான்ஸ் அவரை எடுத்துவிட்டு மொர்டெகாய் பிரவுனை இறக்கினார். இந்த பிரவுன் சின்ன வயதில் மாட்டுத்தீவனம் வெட்டும் இயந்திரத்தில் கை மாட்டி ஆள்காட்டி விரலை இழந்தவர். எல்லாரும் அவரை 'மூணு விரல் பிரவுன்' என்றே கூப்பிடுவார்கள். அந்த வருடம் அவர் அதுவரை 28 வெற்றி, 9 தோல்வி. 28 ÷ 37 = 0.76. மேத்யூசனின் 0.79-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்! நம்முடைய 2-ஆம் படி ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மாறிப்போனது.

மூன்றாவது இன்னிங்ஸில் கப்ஸ் வீரர் டிங்கர் மேத்யூசனின் பந்தை அடித்து மூன்று பேஸ் ஓடினார். அந்த இன்னிங்ஸில் மட்டும் 4 ரன். ஏழாவதில் ஜயண்ட்ஸுக்கு மூன்று பேஸிலும் ஆள், ஒருத்தர்கூட அவுட் இல்லை. அப்போதும் 1 ரன்தான் கிடைத்தது. கப்ஸ் 4, ஜயண்ட்ஸ் 2. ஆட்டம் முடிந்தது. கப்ஸ் அந்த வருட உலகத் தொடரையும் ஜெயித்தது. அதற்கு அடுத்து அவர்கள் உலகத் தொடரை ஜெயித்தது 2016-இல்தான்!

சரி, ஜயண்ட்ஸ் பக்கம் சாய்ந்த கணிப்பு தப்பா? நாணயத்தில் தலை விழ வாய்ப்பு 1/2 என்கிறோம். சுண்டினால் பூ விழுகிறது. அதனால் 1/2 தப்பாகிவிடுமா? ஆகாது. நிகழ்தகவு நிறைய தடவை நடப்பதைப் பற்றிப் பேசும். ஒரே ஒரு தடவை என்ன நடக்கும் என்று அது சத்தியம் பண்ணித் தராது. இதுதான் பாடத்தின் முதல் பாதி.

மெர்கிளும் கணக்கும்

இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோற்ற பிறகு எல்லாரும் யாரைத் திட்டினார்கள் தெரியுமா? மேத்யூசனையோ, மற்ற பெரிய வீரர்களையோ இல்லை. கடைசி ஆட்டத்தில் ஆடவே செய்யாத மெர்கிளைத்தான். "அவன் பேஸைத் தொட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றார்கள். 'மரமண்டை' என்று அர்த்தம் வரும் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவர் சாகும் வரை, அதாவது 1956 வரை கூடவே இருந்தது. ஒரு சாயங்காலம் நடந்ததுக்கு 48 வருடம் தண்டனை!

இதைக் கணக்கு வைத்துப் பார்ப்போம். செப்டம்பர் 23-க்குப் பிறகு ஜயண்ட்ஸ் பிலடெல்பியா அணியோடு ஆடியது. அந்த அணியில் ஹாரி கோவலெஸ்கி என்று 22 வயதுப் புதுப் பிட்ச்சர். அவர் ஒருவரே 5 நாளில் 3 தடவை ஜயண்ட்ஸைத் தோற்கடித்தார். ஜயண்ட்ஸ் ஒரு ஆட்டத்தில் தோற்க வாய்ப்பு 55 ÷ 153 = 0.36. ஒரு ஆட்டம் இன்னொன்றைப் பாதிக்காது என்று வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட 3 ஆட்டத்திலும் தோற்க வாய்ப்பு 0.36 × 0.36 × 0.36 = 0.047. 100-க்கு சுமார் 5 தடவைதான் அப்படி நடக்கும். ஆனால் அந்தத் தடவை நடந்துவிட்டது.

அந்த மூன்றில் ஒன்றை ஜெயித்திருந்தால் ஜயண்ட்ஸ் 99-54. கப்ஸைவிட ஒரு படி முன்னால். ரெண்டு ஜெயித்திருந்தால் 100-53. அப்புறம் அக்டோபர் 8-இல் தோற்றாலும் 100-54. கப்ஸ் 99-55. சாம்பியன் ஜயண்ட்ஸ்தான்!

ஆக மொத்தம் 55 தோல்வி இருக்கிறது. அந்த 55-இல் மெர்கிள் ஆட்டம் இல்லவே இல்லை, ஏனென்றால் அது சமன். இவ்வளவையும் விட்டுவிட்டு, ஒரு 19 வயதுப் பையன் தலையில் மொத்த சீசனையும் தூக்கி வைத்தது எந்த ஊர் நியாயம்? அணி மேனேஜர் ஜான் மெக்ரா மட்டும் மெர்கிளைக் குறை சொல்லவில்லை. அணியிலேயே வைத்துக்கொண்டார். மெர்கிளும் ஓடி ஒளியாமல் 1926 வரை ஆடினார். நடுவில் அதே கப்ஸ் அணிக்கும் ஆடியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு மைதானப் பக்கமே போகாமல் இருந்தவர், 1950-இல் ஜயண்ட்ஸ் பழைய வீரர்களின் ஆட்டத்துக்கு வந்தபோது ஜனங்கள் பெரிதாகக் கைதட்டி வரவேற்றார்கள். கைதட்ட 42 வருடம் ஆகியிருக்கிறது.

பிறகு என்ன மாறியது?

1908-இல் பல ஆட்டங்களுக்கு ஒரே அம்பயர். இப்போது அமெரிக்கப் பெரிய லீக்கில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 4 அம்பயர்கள். 2007-இல் டென்வரில் நடந்த சமநிலை ஆட்டத்தில் ராக்கீஸ் அணி 13 இன்னிங்ஸ் ஆடி 9-8 என்று ஜெயித்தது. கடைசி ரன் எடுத்த ஹாலிடேயின் கை ஹோமைத் தொட்டதா என்று அப்போதும் சண்டை. 2014 முதல் இது மாதிரி தீர்ப்புகளை வீடியோவில் திரும்பப் பார்க்கும் முறை வந்துவிட்டது. 2022 முதல் இப்படித் தனியாக ஒரு சமநிலை ஆட்டம் வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். சமமாக வந்தால் முதலில் அந்த ரெண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தது என்று பார்க்கிறார்கள். ஒரு நாள் நடந்ததை விட்டு, பல நாள் நடந்ததை எண்ணுகிறார்கள்.

தோழிகளே, நம் பள்ளியிலும் கபடி, கோ-கோ எல்லாம் நடக்கிறது. தோற்றால் உடனே "உன்னாலதான் தோத்தோம்" என்று ஒருத்தியைக் கை காட்டுகிறோம். பெரும்பாலும் அது கடைசியாக அவுட் ஆனவளாகத்தான் இருப்பாள். அவளுக்கு முன்னால் போன புள்ளிகளை யாரும் எண்ணுவதில்லை. இனிமேல் அப்படிச் சொல்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து, போன புள்ளி எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். எழுதி முடிக்கும்போது கோபம் பாதி குறைந்திருக்கும். யார் பெயரைச் சொல்வது என்றும் தெரியாது, ஏனென்றால் எல்லார் பெயரும் அதில் இருக்கும்.

செய்து பாருங்கள்

1. பைரேட்ஸ் 98 வெற்றி, 56 தோல்வி. அவர்கள் ஜெயிப்பதற்கான பட்டறி நிகழ்தகவு என்ன? (மூன்று தசம இடம் வரை)

2. ஒரு ரூபாய் நாணயத்தை 50 தடவை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதுங்கள். தொடர்ந்து 3 தடவை ஒரே பக்கம் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்று வட்டம் போடுங்கள்.

3. ஒரு அணி ஜெயிக்க வாய்ப்பு 0.64. தொடர்ந்து 3 ஆட்டம் ஜெயிக்க வாய்ப்பு என்ன? (ஜயண்ட்ஸ் கடைசி 3 ஆட்டத்தை பாஸ்டன் அணியோடு ஆடி மூன்றிலும் ஜெயித்துத்தான் சமநிலைக்கு வந்தது!)

விடைகளைத் தாளில் எழுதி வகுப்பு, பெயரோடு என்னிடம் கொடுங்கள். சரியான விடை எழுதியவர்கள் பெயர் அடுத்த சுவர் இதழில் வரும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி